எட்டாம் நாளில் நின்றுபோன தொட்டி: சிவப்பு ஒயின் நொதித்தல் ஒன்றைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு தொட்டி. கொள்ளளவு 1,000 லிட்டர், துருப்பிடிக்காத எஃகால் ஆனது, மேற்புறம் திறந்தது. அதில் 800 கிலோ கேபர்னே சாவின்யோன் திராட்சை இடப்பட்டது. வழக்கமாகப் பன்னிரண்டு நாட்களுக்குள் சர்க்கரை முழுவதும் தீர்ந்து ஒயினாகியிருக்க வேண்டிய அந்தச் சாறு, எட்டாம் நாளில் லிட்டருக்கு ஏறத்தாழ 60 கிராம் சர்க்கரை மீதமிருக்கும் நிலையில் நொதிப்பதை நிறுத்திவிட்டது. ஏன் நின்றது, எப்படி மீட்கப்பட்டது, மீட்டதில் எது கிடைத்தது, எது கிடைக்காமல் போனது என்பவற்றைக் குறிப்பேட்டில் அன்றன்று எழுதிவைத்த அளவுகளைக் கொண்டு இங்கே பதிவு செய்கிறேன். அந்தத் தொட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் நானே. தவறுகளில் பெரும்பாலானவை என் முடிவுகளால் நேர்ந்தவை.

சிவப்பு ஒயின் செய்முறையில் அடிப்படையான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இந்தத் தொட்டியின் சிக்கல் முழுவதும் அதிலிருந்துதான் பிறந்தது. கருந்திராட்சையைப் பிழிந்தால் வரும் சாறு, அலிகான்டே பூஷே போன்ற மிகச் சில வகைகளைத் தவிர, ஏறக்குறைய நிறமற்றதாகவே இருக்கும். நிறம் தரும் ஆந்தோசயனின்கள் தோலில் உள்ளன. நாவில் துவர்ப்பைத் தரும் டேனின்கள் தோலிலும் விதையிலும் உள்ளன. ஆகவே வெள்ளை ஒயினில் சாற்றைப் பிழிந்தெடுத்த பிறகு நொதிக்க வைக்கிறோம். சிவப்பு ஒயினில் தோல், விதை, சாறு மூன்றையும் ஒன்றாகவே நொதிக்க வைத்து, நிறமும் துவர்ப்பும் இறங்கிய பிறகுதான் பிழிகிறோம். நொதித்தலில் பிறக்கும் கரியமில வாயு தோல்களை மேலே தூக்கிச் சென்று, ஒரு முழம் கனத்துக்குக் கெட்டியான அடுக்காக நிறுத்திவிடுகிறது. அந்தத் தோல் அடுக்கை ஒரு நாளில் பல முறை உள்ளே அமுக்கிக் கலக்குவதோ, அடியிலிருந்து சாற்றை எடுத்து அதன் மேல் ஊற்றுவதோதான் சிவப்பு ஒயின் செய்பவரின் முதன்மையான உடல் உழைப்பு.

முதல் நாள் அளவுகள்

திராட்சை மிக நன்றாகப் பழுத்திருந்தது. சற்று அதிகமாகவே பழுத்திருந்தது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. பழம் பழுக்கும் காலத்தில் மழை இல்லை, கொடிகள் நீர்ப் பற்றாக்குறையில் இருந்தன. காம்பு நீக்கி நசுக்கிய பின் எடுத்த சாற்றில் சர்க்கரை 25.2 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு), பி.எச். 3.71. இவ்வளவு சர்க்கரை முழுவதும் நொதித்தால் மதுசாரம் 15 சதவீதத்தை நெருங்கும். ஒரு சதவீத மதுசாரத்துக்கு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை என்பது நடைமுறைக் கணக்கு. பி.எச். உயர்ந்திருந்ததால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் டார்டாரிக் அமிலம் சேர்த்து 3.6 அளவுக்கு இறக்கினோம். தோலும் சாறுமாக இருந்த 750 லிட்டருக்கு 66 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட் இட்டோம். அதன் எடையில் பாதிக்குச் சற்று மேல் சல்பர் டை ஆக்சைடாகக் கிடைப்பதால், இது லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஆகிறது. தோலோடு வந்த காட்டு ஈஸ்ட்டுகளையும் பாக்டீரியாக்களையும் அடக்கிவைக்க இந்த அளவு போதும்.

அளக்காமல் விட்டது ஒன்று உண்டு: ஈஸ்ட் எடுத்துக்கொள்ளக்கூடிய நைட்ரஜன். சாற்றிலுள்ள அம்மோனியமும் அமினோ அமிலங்களும் சேர்ந்த இந்த அளவு ஈஸ்ட்டுக்கு உணவு. சர்க்கரை அதற்கு எரிபொருள் மட்டுமே. உடல் வளர்க்கவும் பெருகவும் நைட்ரஜன் வேண்டும். லிட்டருக்கு 140 முதல் 150 மில்லிகிராமுக்குக் கீழே போனால் சாதாரணச் சாற்றிலேயே ஆபத்து என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. 25 பிரிக்ஸ் சாற்றுக்கு 200-க்கு மேல், 250 வரை கூடத் தேவைப்படும். முந்தைய அறுவடைகளில் சிக்கல் வந்ததில்லை என்பதால் அந்தச் சோதனையை நான் தேவையற்றதாகக் கருதினேன். நல்லவேளையாக, முதல் நாள் சாற்றில் அரை லிட்டரை ஒரு புட்டியில் எடுத்து உறைநிலைப் பெட்டியில் வைத்திருந்தோம்.

இரவு முழுவதும் தொட்டியைக் குளிர்வித்து வைத்ததால் மறுநாள் காலையில் சாறு 17 பாகை செல்சியஸில் இருந்தது. உலர் ஈஸ்ட் 190 கிராமை 38 பாகை வெந்நீரில் இருபது நிமிடம் ஊறவைத்து அப்படியே தொட்டியில் ஊற்றினோம். ஊறிய ஈஸ்ட்டுக்கும் சாற்றுக்கும் இடையே 10 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக் கூடாது என்பது ஈஸ்ட் பொட்டலத்திலேயே அச்சிட்டிருக்கும் எச்சரிக்கை. சாற்றைச் சிறிது சிறிதாக ஈஸ்ட்டோடு கலந்து, கால் மணிக்கு ஒரு முறை சூட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். நாங்கள் 21 பாகை வேறுபாட்டில் ஊற்றினோம். அந்த அதிர்ச்சியில் ஒரு பகுதி செல்கள் அப்போதே மடிந்திருக்கும்; பிழைத்தவையும் வலுவிழந்தே வேலையைத் தொடங்கியிருக்கும்.

நொதித்தலின் போக்கு

இரண்டாம் நாள் மாலையில் தோல் அடுக்கு எழுந்தது. மூன்றாம் நாள் 20.1 பிரிக்ஸ், சாறு 26 பாகை. நான்காம் நாள் 14.0 பிரிக்ஸ், 30 பாகை. எண்களை மட்டும் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. உண்மையில் நல்ல வேகம் என்று மகிழ்ந்தோம். தொட்டியின் மேல் குனிந்து காது வைத்தால் சோற்றுப் பானை கொதிப்பதைப் போன்ற சீரான இரைச்சல் கேட்டது. (குனிவதில் கவனம் வேண்டும் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும். இத்தகைய சாற்றின் ஒரு லிட்டர், முழுவதும் நொதிக்கும்போது 60 லிட்டருக்கும் மேல் கரியமில வாயுவை வெளியிடும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தேங்கும். காற்றோட்டமில்லாத அறையிலும் காலியான தொட்டிக்குள்ளும் அது ஆளை எச்சரிக்கையின்றிக் கொன்றுவிடும். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் காற்றைச் சோதிக்காமல் எவரும் இறங்கக் கூடாது.)

நான்காம் நாள் மாலையில் அழுகிய முட்டை நாற்றம் லேசாக வந்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடின் நாற்றம் அது. நைட்ரஜன் போதாத ஈஸ்ட் பெரும்பாலும் இந்த வாயுவின் மூலமாகத்தான் முதலில் முறையிடும். கலக்கிவிட்டால் போய்விடும் என்று நினைத்தேன். கலக்கியபோது குறைந்ததும் உண்மை. ஆனால் அன்றிரவு ஆள் இல்லாத காரணத்தால் அடுத்த முறை கலக்குவதற்குப் பதின்மூன்று மணி நேரம் ஆகிவிட்டது.

ஐந்தாம் நாள் காலையில் 8.6 பிரிக்ஸ். சாற்றில் தோய்த்த வெப்பமானி 30 பாகையைக் காட்டியது. அடுக்கை அமுக்கத் தொடங்கிய பணியாளர், நடுப்பகுதியில் முழங்கை வரை கையை விட்டவர், சட்டென்று இழுத்துக்கொண்டார். உள்ளே குளிக்கும் வெந்நீரைப் போலச் சூடாக இருக்கிறது என்றார். நீண்ட தண்டுள்ள வெப்பமானியைக் கொண்டுவந்து அடுக்கின் நடுவில் செருகியபோது 38 பாகை காட்டியது. அதே தொட்டியில் இரண்டு சாண் கீழே 30, மேலே 38. நாங்கள் நான்கு நாளாக அளந்துகொண்டிருந்தது ஈஸ்ட்டுகளில் ஒரு பாதியின் வெப்பநிலையை மட்டும்தான்.

இந்த எட்டுப் பாகை எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நின்று பார்ப்பது தகும். சர்க்கரை மதுசாரமாகும்போது வெப்பம் வெளிப்படுகிறது. அது எங்கும் வெளியேறாவிட்டால் ஒவ்வொரு பிரிக்ஸ் குறையும்போதும் சாற்றின் சூடு சுமார் 1.3 பாகை ஏறும். எங்கள் தொட்டியின் குளிர்நீர் உறை சாற்றுப் பகுதியை மட்டுமே சுற்றியிருந்தது. அடுக்குக்கு அது எட்டவில்லை. அடுக்கோ கம்பளியைப் போன்றது. தோல்களுக்கு இடையே சாறும் ஈஸ்ட்டும் நிறைந்து நொதித்தல் அங்கேயும் மும்முரமாக நடக்கிறது, ஆனால் நீரோட்டம் இல்லாததால் வெப்பம் வெளியேற வழியில்லை. கலக்காமல் விட்டால் அடுக்கு சாற்றைவிட ஐந்து முதல் பத்துப் பாகை வரை கூடுதலாகச் சூடேறுவது இயல்பே. சிவப்பு ஒயினுக்கு 25 முதல் 30 பாகை வரை நல்லது. 35-ஐத் தாண்டினால் ஈஸ்ட் தடுமாறும். மதுசாரமும் சேர்ந்து தாக்கும்போது 38 பாகை அதற்குக் கொலைக்களம்.

ஆறாம் நாள் 5.7, ஏழாம் நாள் 4.7, எட்டாம் நாள் 4.4, ஒன்பதாம் நாள் அதே 4.4. இரைச்சல் அடங்கியது. அடுக்கு தளர்ந்து கீழே இறங்கத் தொடங்கியது.

முதலில் செய்த தவறான மருத்துவம்

ஏழாம் நாளில் பதற்றத்தில், ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் தரும் உப்பான டைஅம்மோனியம் பாஸ்பேட் சேர்த்தேன். எட்டாம் நாளில் அதே வகை உலர் ஈஸ்ட்டை ஊறவைத்து மேலே ஊற்றினேன். இரண்டாலும் ஒரு பயனும் விளையவில்லை. விளையாமல் போனதில் வியப்பும் இல்லை. மதுசாரம் பத்து சதவீதத்தை நெருங்கிவிட்டால், அம்மோனியத்தைச் செல்லுக்குள் இழுக்கும் வாயில்கள் ஈஸ்ட்டில் ஏறக்குறைய அடைபட்டுவிடுகின்றன. அப்போது இடும் உப்பு ஒயினிலேயே தங்கி, பின்னாளில் கெடுதி செய்யும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. புதிய ஈஸ்ட்டின் கதை வேறு. சர்க்கரை நீரிலிருந்து நேராக 11 சதவீத மதுசாரத்தில் விழும் செல், தன் சவ்வைத் திடப்படுத்திக்கொள்வதற்கு முன்பே மடிந்துவிடும்.

ஒன்பதாம் நாள் ஆய்வகச் சோதனையில் உண்மை நிலவரம் தெரிந்தது. மதுசாரம் 11.6 சதவீதம், குளுக்கோஸ் லிட்டருக்கு 11 கிராம், ஃபிரக்டோஸ் 47 கிராம், ஆவியாகும் அமிலம் (பெரும்பாலும் வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலம்) 0.48 கிராம். சாற்றின் அடர்த்தியைக் கொண்டு பிரிக்ஸைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 4.4 என்று பார்த்தவர்களுக்கு லிட்டருக்கு 58 கிராம் சர்க்கரை என்பது அதிர்ச்சி தரும். மதுசாரம் நீரைவிட இலேசானது என்பதால் அது சேரச் சேரக் கருவி உண்மையைவிடக் குறைத்தே காட்டும். சர்க்கரை முற்றிலும் தீர்ந்த ஒயினில் கருவி சுழியத்துக்கும் கீழே, ஏறத்தாழ கழித்தல் 1.5-இல் நிற்க வேண்டும்.

அந்தச் சோதனையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது இரண்டு சர்க்கரைகளின் விகிதம். பழுத்த திராட்சையில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் ஏறக்குறைய சரிபாதியாக இருக்கும். ஒயின் ஈஸ்ட்டான சாக்கரோமைசஸ் செரிவிசியே குளுக்கோஸையே முதலில் விரும்பி உண்ணும். ஆகவே பாதி வழியில் நின்றுவிட்ட ஒயினில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அதற்குப் பிடிக்காத சர்க்கரை. எஞ்சிய வேலை, தொடங்கிய வேலையைவிடக் கடினமானது.

அதே நாளில் உறைநிலைப் பெட்டியிலிருந்த முதல் நாள் சாற்றை எடுத்து, ஃபார்மால்டிஹைடு சேர்த்து அளக்கும் ஃபார்மால் முறையில் நைட்ரஜனை அளந்தோம்: லிட்டருக்கு 118 மில்லிகிராம். தேவையில் பாதி.

காரணங்களின் கோவை

நொதித்தல் நின்றது எட்டாம் நாளில். அதற்கான காரணங்கள் அனைத்தும் ஐந்தாம் நாள் காலைக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டன என்பதே இந்த ஆய்வின் முடிவு. நைட்ரஜன் குறைந்ததால் ஈஸ்ட் போதிய அளவு பெருகவில்லை. ஊற்றும்போது நேர்ந்த அதிர்ச்சி தொடக்க எண்ணிக்கையையே குறைத்துவிட்டது. காற்று கொடுக்காததால் செல் சவ்வு வலுப்பெறவில்லை. மதுசாரத்தைத் தாங்கும் சவ்வுக்குத் தேவையான ஸ்டெரால்களையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களையும் ஈஸ்ட் தானே செய்துகொள்ளச் சிறிது ஆக்சிஜன் வேண்டும். பெருகும் பருவத்தின் இறுதியில், அதாவது இரண்டாம் மூன்றாம் நாட்களில், சாற்றை வெளியே எடுத்துக் காற்றுப் படும்படி மேலே ஊற்றியிருந்தால் அது கிடைத்திருக்கும். நாங்கள் அமுக்கிக் கலக்குவதை மட்டுமே செய்தோம். இப்படி ஏற்கெனவே மெலிந்திருந்த கூட்டத்தின் மேல்தான் அந்த இரவின் 38 பாகை விழுந்தது.

இவற்றில் எது முதன்மையானது என்று கேட்டால், சூடு என்பதே பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. நன்கு உண்டு வளர்ந்த ஈஸ்ட் ஓரிரவுச் சூட்டை ஓரளவு தாங்கி, மெதுவாகவேனும் முடித்திருக்கும் என்றே நம்புகிறேன். முந்தைய ஓர் அறுவடையில் இதே தொட்டியில் அடுக்கு 36 பாகை வரை ஏறியும் நொதித்தல் முடிந்திருக்கிறது. பசியே அடிப்படை, சூடு அதை வெளிக்கொண்டு வந்தது. நான்காம் நாள் மாலை வந்த அழுகிய முட்டை நாற்றம் அதைத்தான் சொன்னது. அப்போது மதுசாரம் ஏழு சதவீதத்துக்கும் குறைவு. அந்த மணி நேரத்தில் உணவு கொடுத்திருந்தால் ஈஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கும்.

மீட்பு

பத்தாம் நாளில் முதல் முடிவு எடுக்கப்பட்டது: பிழிந்துவிடுவது. கேபர்னே சாவின்யோனைப் பதினான்கு நாட்களாவது தோலோடு வைத்திருக்க விரும்பியிருந்தோம். நிறம் முதல் ஐந்தாறு நாட்களிலேயே பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. ஆனால் ஒயினுக்கு வாயில் கனத்தைத் தரும் டேனின் மதுசாரம் ஏற ஏறத்தான் தோலின் ஆழத்திலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லைதான். இருந்தும், கரியமில வாயுவின் போர்வை விலகிய தோல் அடுக்கில் காற்றுப் பட்டால் அசிட்டிக் பாக்டீரியாக்கள் இரண்டே நாளில் வினிகராக்கத் தொடங்கிவிடும். தானாக வடிந்த ஒயினைத் தனியாகவும், பிழிபொறியில் வந்ததைத் தனியாகவும் எடுத்து, இரண்டிலும் மணம் சரியாக இருந்ததை உறுதிசெய்த பின் ஒன்றாக்கினோம். மொத்தம் 540 லிட்டர்.

அடுத்த அச்சம் லாக்டிக் பாக்டீரியா. சர்க்கரை தீர்ந்த ஒயினில் இவை செய்யும் வேலை நன்மையானது. சர்க்கரை மீதமிருக்கும்போது அதே பாக்டீரியாக்கள் சர்க்கரையை உண்டு அசிட்டிக் அமிலத்தைத் தந்துவிடும். ஆகவே லிட்டருக்கு 20 மில்லிகிராம் சல்பர் டை ஆக்சைடு சேர்த்தோம். அதற்கு மேல் சேர்த்தால் புதிதாக இடப்போகும் ஈஸ்ட்டையும் அதுவே தாக்கும். பிறகு ஈஸ்ட் செல்சுவர்த் தூளை நூறு லிட்டருக்கு 30 கிராம் வீதம் கலக்கி இரண்டு நாள் விட்டு, தெளிவை இறுத்தோம். இறந்துபோகும் ஈஸ்ட் வெளிவிடும் நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் அடுத்து வரும் ஈஸ்ட்டுக்கு நஞ்சு. செல்சுவர்கள் அவற்றைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்கின்றன.

பன்னிரண்டாம் நாளில் புதிய ஈஸ்ட்டைப் பழக்கத் தொடங்கினோம். இம்முறை தேர்ந்தது மதுசாரத்தையும் ஃபிரக்டோஸையும் நன்கு தாங்கும் பையானஸ் வகை, 216 கிராம். ஊறவைத்த ஈஸ்ட்டை, சம அளவு நீரும் நின்றுபோன ஒயினும் கலந்து சிறிது சர்க்கரையும் ஊட்டமும் இட்ட முப்பது லிட்டர் கலவையில் விட்டோம். 24 பாகையில் வைத்து, சர்க்கரை பாதியாகக் குறைந்ததும் அதே அளவு ஒயினைச் சேர்த்தோம். மீண்டும் பாதியாகும் வரை காத்திருந்து மீண்டும் அதே அளவு. ஒவ்வொரு முறையும் ஈஸ்ட் முன்பைவிடச் சற்று அதிக மதுசாரத்தில் உயிர் வாழப் பழகியது. இந்தக் காத்திருப்பில் அவசரப்படுவதே பெரும்பாலான மீட்பு முயற்சிகள் தோற்கக் காரணம். ஒரு முறை இரவு இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தபோது அளவு இன்னும் பாதிக்கு வரவில்லை. விடியும் வரை விட்டுவிட்டோம். பதினாறாம் நாளில் முழு ஒயினும் சேர்ந்தது. சூடு 21 பாகையில் நிறுத்தப்பட்டது.

பதினேழாம் நாள் காலையில் மேற்பரப்பில் ஒரு விரற்கடை அகலத்துக்கு ஊதா நிற நுரை வளையம் தொட்டிச் சுவரை ஒட்டி நின்றது. அதன் பிறகு நாளுக்கு அரை பிரிக்ஸ் கூடக் குறையவில்லை. ஆனால் ஒரு நாளும் நிற்கவில்லை. இருபத்தொன்பதாம் நாளில் சர்க்கரை லிட்டருக்கு 2 கிராமுக்குக் கீழே வந்தது. மதுசாரம் 14.8 சதவீதம்.

அதற்குப் பின்

மறுநாள் ஈனோகாக்கஸ் ஈனை பாக்டீரியாவை இட்டு மாலிக் அமிலத்தை லாக்டிக் அமிலமாக்கும் இரண்டாம் மாற்றத்தைத் தொடங்கினோம். பச்சை ஆப்பிளின் கூர்மையான புளிப்பு தயிரின் மென்மையான புளிப்பாகும் மாற்றம் இது. ஏறக்குறைய எல்லாச் சிவப்பு ஒயின்களுக்கும் இது தேவை. முன்பு சேர்த்த சல்பர் டை ஆக்சைடும் உயர்ந்த மதுசாரமும் பாக்டீரியாவைத் தாமதப்படுத்தியதால் ஐந்து வாரம் பிடித்தது. அமிலங்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் காகித நிறப்பிரிகைத் தாளில் நீலப் பச்சைப் பின்னணியில் மாலிக் அமிலத்தின் மஞ்சள் புள்ளி வாரா வாரம் மங்கி, ஐந்தாம் வாரத் தாளில் காணாமல் போனது. பி.எச். 3.6-ஐச் சற்றுத் தாண்டியது. உடனே கட்டற்ற (ஒயினின் பிற பொருள்களோடு பிணையாமல் இருக்கும்) சல்பர் டை ஆக்சைடை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் குறையாமல் உயர்த்தி, 225 லிட்டர் ஓக் பீப்பாய்கள் இரண்டில் நிரப்பினோம். மீதியைச் சிறு கலன்களில், பீப்பாய் குறையும்போது நிரப்புவதற்காக வைத்துக்கொண்டோம்.

இறுதிக் கணக்கில் ஆவியாகும் அமிலம் லிட்டருக்கு 0.66 கிராம். ஐரோப்பிய ஒன்றியம் சிவப்பு ஒயினுக்கு அனுமதிக்கும் 1.2 கிராமுக்கு இது வெகு கீழே. இருந்தாலும் கூர்ந்து முகர்பவருக்கு ஓரத்தில் தெரியும் அளவு. நிறம் ஆழமாகவே இருந்தது. துவர்ப்பில்தான் இழப்பு: நாவின் நடுவில் நிரம்பி நிற்க வேண்டிய ஒயின் நுனியில் தொடங்கி விரைவில் முடிந்தது. பத்தாம் நாளில் பிழிந்ததற்கு நாங்கள் கொடுத்த விலை அது. பீப்பாயில் பதினான்கு மாதங்கள் வைத்தும் அந்தக் குறை மாறவில்லை. டேனின்கள் தங்களுக்குள்ளும் ஆந்தோசயனின்களோடும் இணைந்து மென்மையடைவது பீப்பாயில் நடக்கும். தோலிலிருந்து எடுக்காமல் விட்டதைப் பீப்பாய் தராது.

அடுத்த அறுவடையில் அதே கொடிகளின் பழத்தில் நைட்ரஜன் 131 மில்லிகிராம் இருந்தது. இம்முறை நசுக்கிய அன்றே அளந்தோம். ஈஸ்ட் ஊட்டத்தை இரண்டு தவணையாக, முதல் நாளின் முடிவிலும் சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தபோதும் கொடுத்தோம். மூன்றாம் நாளில் சாற்றை வெளியே எடுத்துக் காற்றுப் படும்படி அடுக்கின் மேல் ஊற்றினோம். நொதித்தல் உச்சத்தில் இருந்த மூன்று இரவுகளும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆள் வந்து கலக்கினார். அடுக்கின் நடுவிலும் சாற்றிலும் தனித்தனியாக அளந்த வெப்பநிலைகள் குறிப்பேட்டில் இரண்டு பத்திகளாக எழுதப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே இருந்த மிகப் பெரிய வேறுபாடு மூன்று பாகை. பதினொன்றாம் நாளில் ஹைட்ரோமீட்டர் கழித்தல் 1.4-இல் நின்றது; தோலோடு பதினாறு நாட்கள் வைத்திருந்து பிழிந்தோம்.